பாலத்தடி நண்டு

"ஏங்க, தண்ணி திரும்பி வருது."

மனைவி பின்கட்டு வாசலில் நின்று இதைச் சொன்னபோது, நண்டு சார் சாப்பாட்டு மேசையில் ஒரு நண்டின் கடைசிக் காலிலிருந்த மயிர்களை எண்ணிக்கொண்டிருந்தார். பத்தொன்பது வரை வந்திருந்தார்.

"ஒரு நிமிஷம்."

"போன தடவையும் இந்த ஒரு நிமிஷம்தான். அது முடியறதுக்குள்ள தண்ணி அடுப்படி வரைக்கும் வந்துடுச்சு."

எண்ணிக்கை போயிற்று. லென்ஸைக் கீழே வைத்தார். பின்கட்டில் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் தண்ணீர் வடியும் குழி இருந்தது. அதன் மேலிருந்த இரும்புச் சல்லடை மூடியைக் கழற்றினார். உள்ளே எட்டிப் பார்த்தார். இருட்டாக இருந்தது. இருட்டைப் பார்த்தாகிவிட்டது என்ற திருப்தியோடு மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கை கழுவினார். பிறகு அதைத் திரும்பப் போட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பு மனதிலேயே இருந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் பாறைச் சரிவு. அதிலிருந்து கசிகிற தண்ணீரால் பின்சுவர் எந்தக் காலத்திலும் ஈரமாகவே இருக்கும். அதற்குச் சிமெண்டு பூசச் சொல்லி மனைவி இருபத்திரண்டு வருஷமாகக் கேட்கிறாள். அதற்கும் அவர் சொன்ன பதில் ஒரு நிமிஷம்தான்.

"பிளம்பருக்குப் போன் பண்ணியாச்சு," என்றாள் மனைவி. "பெரிய கட்டடத்துல வேலையாம். மாசக் கடைசியிலதான் வர முடியுமாம். பரவாயில்ல, அவரே வரட்டும்."

வேறு பிளம்பர்களும் ஊரில் இருந்தார்கள். ஆனால் மனைவிக்கு இவர்மேல்தான் மரியாதை. குழாயில் என்ன கிடைத்தாலும் வாயைத் திறக்காத மனிதர். பக்கத்து வீட்டுப் பெரியவரின் பல்செட் கிடைத்தபோது, அதைக் கழுவிக் காகிதத்தில் மடித்து அவர் சட்டைப் பையில் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் போய்விட்டார். பெரியவர் பல்லை மாட்டிக்கொண்டு தாமே தெருவெல்லாம் சொன்னதால்தான் விஷயம் வெளியே வந்தது. போன தடவை இங்கே வந்தபோது, "தவளை கிவளை இருந்தா பார்த்து எடுங்க, உசிர் போயிடாம," என்று மனைவி கேட்டுக்கொண்டாள். "சரிம்மா," என்றார். வேலை முடிந்ததும் என்ன அடைத்திருந்தது என்று கேட்டாள். "சரியாப் போச்சும்மா," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

நண்டு சார் அருங்காட்சியகத்தில் நண்டுப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர். பிரிவு என்றால் ஓர் அறை, நாலு அலமாரி, ஆயிரத்து எழுநூறு பாட்டில்கள், அப்புறம் அவர். இருபத்தெட்டு வருஷமாக மற்றவர்கள் கண்டுபிடித்த நண்டுகளுக்கு ஸ்பிரிட் மாற்றி, சீட்டு எழுதி ஒட்டி வந்ததில் சொந்தப் பெயரே மறந்துபோயிற்று. வங்கியில்கூட நண்டு சார் என்றுதான் கூப்பிட்டார்கள். புதிதாக ஒரு நண்டைத் தாமே கண்டுபிடித்து, அது இன்னது, இப்படி இருக்கும், இந்த இடத்தில் வாழும் என்று உலகத்துக்கு விவரித்து எழுத வேண்டும் என்பது ஒன்றே அவர் ஆசை. காலையில் இருவரும் கண்ணை மூடி நிற்கும்போது மனைவி வீட்டிலுள்ள எல்லோருக்காகவும் வேண்டிக்கொள்வாள். இவர் ஒரே ஒரு நண்டு கேட்பார்.

இன்னும் மூன்று வாரத்தில் ஓய்வு. கடவுள் அந்தக் கோப்பைக் கடைசி நேரத்தில்தான் எடுத்துப் பார்த்திருப்பார் போலிருந்தது.

ஐந்து வாரத்துக்கு முன்பு, பஸ்ஸை விட்டு இறங்கி அலுவலகத்துக்குப் போகிற வழியில், ஓடைமேல் இருக்கும் நடைபாலத்தின் அடியில் ஒரு தட்டைக்கல்லில் அது உட்கார்ந்திருந்தது. ஊதா நிற முதுகு. பால் மாதிரி வெளுத்த கொடுக்கு நுனிகள். கண்ணைச் சுற்றி மெல்லிய ஆரஞ்சுக் கோடு. அந்த ஓடையில் இருந்ததெல்லாம் மண் நிற நண்டுகள், அவற்றை அவருக்கு முகம் பார்த்தே தெரியும். இது புது முகம். புதிதாக வெளுத்த பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கினார். சாப்பாட்டு டப்பாவில் இருந்ததை ஒரு நாய்க்குக் கொடுத்துவிட்டு, அந்த டப்பாவில் நண்டை எடுத்துக்கொண்டு ஓடினார். ஆயிரத்து எழுநூறு பாட்டிலையும் பார்த்தார். இருந்த புத்தகங்களையெல்லாம் புரட்டினார். இப்படி ஒரு நண்டை யாரும் எழுதவில்லை.

ஒன்பது நாளில் கட்டுரை எழுதினார். ஆண் நண்டு, வயிற்று மடிப்பு கழுத்துப்பட்டை மாதிரி ஒல்லியானது, கால்கள் எட்டும் முழுமையாக உள்ளன, வேகமாக ஓடும் ஓடைநீரில் கல்லிடுக்கில் மட்டுமே வாழும் என்று பதினோரு பக்கம். படித்துக் காட்டியபோது மனைவி கவனமாகக் கேட்டாள்.

"கண்ணைப் பத்தியே ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கீங்க."

"அழகான கண்ணு."

"கல்யாணம் ஆகி முப்பத்தோரு வருஷம். எனக்கு ஒரு வரி எழுதினதில்ல."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். முன் விளிம்பு சீரானது, நெற்றி சற்று உயர்ந்தது, நிறம் மாறாதது என்று அவருக்குத் தோன்றியது. சொல்லாமல் இருந்தது நல்லதாயிற்று.

பெயர் வைப்பதில் சிக்கல் வந்தது. மனைவி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கேட்காமல் இருப்பது நன்றாகக் கேட்டது. அருங்காட்சியக இயக்குநர், தம் பெயரில் ஒரு பூச்சிகூட இல்லை என்று இரண்டு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவியின் தம்பி, பஸ் கண்டக்டராக இருந்து விருப்ப ஓய்வு பெற்றவர், நேராகவே கேட்டார். சண்டை வேண்டாம் என்று நண்டு சார் பெயரைப் பாலத்துக்குக் கொடுத்தார். லத்தீனில் 'பாலத்தடியில் வாழ்வது' என்று பொருள்படும் பெயர். பாலம் நன்றியும் சொல்லவில்லை, முகத்தையும் தூக்கவில்லை.

தண்ணீர் திரும்பி வந்த அதே நாளில் ஆய்விதழிலிருந்து கடிதமும் திரும்பி வந்தது. கட்டுரையைப் படித்த நிபுணர்கள் இரண்டு பேர். முதலாமவர் வாழ்த்தியிருந்தார். இரண்டாமவர், ஒரே ஒரு நண்டை வைத்து எதையும் சொல்ல முடியாது, இது நிறம் கெட்டுப்போன சாதாரண நண்டாகவும் இருக்கலாம், இன்னொன்றாவது வேண்டும், பெண்ணாக இருந்தால் நல்லது என்று எழுதியிருந்தார்.

கடிதத்தை இயக்குநரிடம் கொண்டுபோனார். இயக்குநர் அவரைவிட வயதில் இளையவர், கெட்டவரும் இல்லை.

"மாசக் கடைசிக்குள்ள ரெண்டு நண்டையும் பதிவேட்டுல ஏத்தணும் சார். நீங்க ஓய்வு பெற்ற மறுநாள் இந்தப் பிரிவையே மூடறாங்க. பதிவேட்டை முடிச்சுக் கோடு போட எனக்கு அதிகாரம் இருக்கு. ஒரு நாள் கூட்டிக் கொடுக்க அதிகாரம் இல்ல."

அதற்குப் பிறகு நண்டு சார் தினமும் விடிந்ததும் பின்கட்டில் நின்று முகம் கழுவிவிட்டு, நாலு கிலோமீட்டர் பஸ்ஸில் போய் ஓடையில் இறங்கினார். கல் கல்லாகப் புரட்டினார். மண் நிற நண்டுகள் அவரைப் பார்த்துப் பார்த்துப் பழகி, ஓடுவதைக்கூட நிறுத்திவிட்டன. ஊதா மட்டும் இல்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அதே பின்கட்டுக் குழியருகே நின்று சேற்றுக் காலைக் கழுவிக்கொண்டு பெருமூச்சு விடுவார். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படியே போயிற்று.

அப்போதுதான் கண்டக்டர் மைத்துனர் உதவிக்கு வந்தார். கழுத்தில் பழைய விசில் தொங்கியது.

"அத்தான், நீங்க தேடற முறையே தப்பு. நீங்க போய்க் கூப்பிட்டா எந்தப் பொண்ணு வரும்? மாப்பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்துங்க. அவனைப் பார்த்து அவளா வருவா."

படித்தவருக்கு இது அபத்தமாகத்தான் தோன்ற வேண்டும். ஆனால் பதினாறு நாள் கல்லைப் புரட்டிய முதுகுக்கு அது நல்ல யோசனையாகப் பட்டது. நண்டை ஓடைக்குக் கொண்டுபோனார்கள். மைத்துனர் அதன் பின்கால் ஒன்றில் தூண்டில் நரம்பைக் கட்டி, தட்டைக்கல்லில் விட்டார். இருவரும் புதரில் ஒளிந்துகொண்டார்கள். முக்கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு கொக்கு வந்து இறங்கியது.

மைத்துனர் பழக்க தோஷத்தில் விசிலை ஊதினார். இரண்டு ஊதல், வண்டி கிளம்பலாம் என்று. கொக்கு கிளம்பியது. நண்டும் கிளம்பியது. நரம்பு இழுபட்டது. நண்டுக்கு ஆபத்து வந்தால் காலை உதறிவிட்டுத் தப்பித்துக்கொள்ளும் என்று நண்டு சாரே பல பேருக்குச் சொல்லியிருக்கிறார். இப்போது அதை நேரில் பார்த்தார். பாய்ந்து போய் நண்டைப் பிடித்துவிட்டார். ஆனால் நரம்பின் நுனியில் ஒரு கால் மட்டும் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

பஸ்ஸில் திரும்பினார்கள். மூன்றாவது நிறுத்தத்தில் மைத்துனர் மெதுவாக, "இன்னும் ஏழு இருக்கே அத்தான்," என்றார்.

இயக்குநருக்குத் தெரிந்ததும், இனியும் தள்ளிப்போட வேண்டாம், இருக்கிற ஒன்றையாவது ஸ்பிரிட்டில் போட்டு வையுங்கள் என்றார். முறை அதுதான். உயிரோடு இருக்கும்போது நிறங்களைக் குறித்துக்கொண்டு, பிறகு பாட்டிலில் போட வேண்டும். நண்டு சார் வாழ்க்கையில் நூற்றுக்கணக்கில் போட்டிருக்கிறார். ஆனால் இந்த நண்டு இரண்டு மாதமாக அவர் வீட்டு நீலப் பேசினில் இருக்கிறது. மனைவி அதற்குத் தினமும் தண்ணீர் மாற்றுகிறாள். போதாததற்கு இப்போது நொண்டி வேறு. காயம் ஆறட்டும், கடைசி நாளில் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தார். காயம் ஆறினால் என்ன, ஆறாவிட்டால் என்ன, பாட்டிலுக்குப் போகிற உயிருக்கு என்று இயக்குநர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

மனைவி பேசினைப் பார்த்தாள். மூன்று கால் ஒரு பக்கம், நாலு கால் ஒரு பக்கம் என்று அது சாய்ந்து நின்றது அவளுக்குப் பொறுக்கவில்லை. கடைசி நாள் காலையில் பேசினைப் பின்கட்டு நிழலில் வைத்து, தண்ணீர் மாற்றி, நொண்டி நண்டு ஏறி உட்கார்ந்து காற்று வாங்கட்டும் என்று ஒரு தட்டைக்கல்லைச் சாய்வாக வைத்தாள். நண்டு ஏறியது. சற்று நேரம் காற்று வாங்கியது. பிறகு கல்லின் மறுமுனையிலிருந்து பேசினின் விளிம்புக்கும், விளிம்பிலிருந்து தரைக்கும், தரையிலிருந்து குழிக்கும் போயிற்று. குழிக்கு மூடி இல்லை. மூடி மூன்று வாரமாகச் சுவரில் சாய்ந்திருந்தது.

"ஏங்க." அவள் குரல் அப்படி இதுவரை வந்ததில்லை.

நண்டு சார் ஓடி வந்து பேசினைப் பார்த்தார். குழியைப் பார்த்தார். மூடியைப் பார்த்தார். மயிர் எண்ணிய அன்று மனதில் எழுதிய குறிப்பு இப்போது பளிச்சென்று ஞாபகம் வந்தது.

"கல்லை நான்தான் வச்சேன்," என்றாள் மனைவி. கண் நிறைந்திருந்தது.

"மூடியை எடுத்தது நான்." அவர் குழியருகே உட்கார்ந்துவிட்டார். "நீ பாவம்னு பார்த்தே. நான் எதையுமே பார்க்கல."

முப்பத்தோரு வருஷத்தில் அவள் கூப்பிட்டதற்கு அவர் ஒரு நிமிஷம் என்று சொல்லாமல் பேசிய முதல் பதில் அது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பிளம்பருக்குப் போன் செய்தாள். அவர் ஏற்கெனவே கிளம்பி வந்துகொண்டிருந்தார்.

பிளம்பர் வந்தார். உடல் அகலமானது, முன்கைகள் தடித்தவை, ஓசை கிடையாது. விஷயத்தை மைத்துனர் அவருக்கு நீளமாக விளக்கினார். கொக்குப் பகுதியை மட்டும் விட்டுவிட்டார். பிளம்பர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நடுவில் ஒரு தடவை, "எது மாதிரி நண்டுங்க?" என்று கேட்க வாயெடுத்தார். மைத்துனர் அதற்குள் நண்டு என்றால் என்ன என்று விளக்க ஆரம்பித்ததால் விட்டுவிட்டார். முழங்கை வரை கையை உள்ளே விட்டார்.

மனைவி கண்ணை மூடி வேண்டிக்கொண்டிருந்தாள்.

கால் மணி நேரத்தில் பிளம்பரின் கை வெளியே வந்தது. அதில் ஊதா நிறம்.

மைத்துனர் விசில் ஊதினார். இந்தத் தடவை யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நண்டு சார் இரண்டு கையாலும் அதை வாங்கி, மேசைக்கு ஓடி, விளக்கடியில் வைத்தார். பிளம்பர் ஏதோ சொல்லப் பார்த்தார். கேட்க ஆளில்லை. அவர் திரும்பவும் குழியருகே போய் உட்கார்ந்தார்.

நண்டு சார் கால்களை எண்ணினார். எட்டு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி எண்ணினார். எட்டு.

"முளைச்சுடுச்சா அத்தான்? அதுக்குள்ளயா?"

நண்டு சார் விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். நண்டைத் திருப்பிப் போட்டார். வயிற்று மடிப்பு கழுத்துப்பட்டை மாதிரி இல்லை. அகலமாக, வட்டமாக, ஒரு சின்னக் கேடயம் மாதிரி இருந்தது.

"இது அது இல்ல," என்றார். "இது பொண்ணு. இது ரெண்டாவது நண்டு."

இருபத்தெட்டு வருஷம் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் சாப்பாட்டு அறையில் பக்கவாட்டில் நடந்தார். மனைவி சிரித்துக்கொண்டே அழுதாள். ஊதா நிறம் நோயில்லை, குறையில்லை. இரண்டாவது நிபுணரின் வாய் அடைத்துப்போயிற்று. புது இனம், சந்தேகமே இல்லை.

அந்த நேரத்தில்தான் இயக்குநர் பதிவேட்டோடு உள்ளே வந்தார். சார் வராவிட்டால் நானே போய் முடித்துக் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் கிளம்பி வந்தது, சட்டத்தில் எங்கும் இல்லாத ஒரு நல்ல காரியம். நண்டைப் பார்த்தார். பெண்தான். அவருக்கும் முகம் மலர்ந்தது. பேனாவைத் திறந்தார்.

"சேகரித்த இடம்?"

"இங்கதான். எங்க வீட்டுப் பின்கட்டு."

பேனா நின்றது. கட்டுரையில் ஓடும் ஓடைநீரில் மட்டுமே வாழும் என்று எழுதியிருக்கிறது. ஓடை நாலு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறது. துணி துவைக்கிற தண்ணீர் போகும் குழாய்க்குள் இது எப்படி வந்தது என்று இயக்குநர் கேட்டார். காரணம் சொல்லாமல் பதிந்தால், அந்த இரண்டாவது நிபுணர் முதல் வேலையாக இதைத்தான் பிடிப்பார்.

நண்டு சார் நடப்பதை நிறுத்தினார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்," என்றார் மைத்துனர் மெதுவாக. "அவனைத் தேடி அவளா வருவான்னு."

"சும்மா இரு," என்றாள் அக்கா.

ஆனால் இயக்குநர் சும்மா இருக்கவில்லை. அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்திருந்தது.

"அம்மா, தினமும் பேசின் தண்ணியை எங்க கொட்டினீங்க?"

"பின்கட்டுக் குழியிலதான்."

"அந்தக் குழாய்த் தண்ணி எங்க போய்ச் சேருது?"

"கடைசியில ஓடைக்குத்தான்," என்றார் நண்டு சார். சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கும் புரிந்துவிட்டது. இரண்டு மாதமாக ஆணின் வாசனை தினமும் ஓடைக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு இவள் தண்ணீரை எதிர்த்துக் குழாய் குழாயாக ஏறி வந்திருக்கிறாள்.

"பாலத்தடி, மார்க்கெட், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நம்ம வீடு," என்று மைத்துனர் விரல் விட்டு எண்ணினார். "அஞ்சு நிறுத்தம். நடுவுல எங்கயும் இறங்கல."

"ஒரு மணி நேரத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கும் சார்?" என்றார் இயக்குநர். இருவரும் காகிதத்தை இழுத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். விடை ஐந்து வாரம் என்று வந்தது. நண்டு வீட்டுக்கு வந்த ஐந்தாவது வாரத்தில்தான் குழாய் மறுபடி அடைத்துக்கொண்டது என்று மனைவி நினைவுபடுத்தினாள். இயக்குநர் பேனாவைக் கீழே வைத்தார்.

"சார், இது வெறும் புது இனம் இல்ல. உலகத்துல எந்த நண்டும் இப்படிச் செஞ்சதா யாரும் எழுதினதில்ல."

நண்டு சார் பேனாவை எடுத்தார். கட்டுரையின் பன்னிரண்டாவது பக்கத்தை எழுத ஆரம்பித்தார். இந்த இனத்தின் பெண், தன் துணையைத் தேடி நாலு கிலோமீட்டர் தொலைவு வரை என்று எழுதும்போது எழுத்து கோணலாயிற்று. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது நாளை உலகத்தின் எல்லா அருங்காட்சியகங்களுக்கும் போகும்.

"பாவம், இருட்டுல தனியா எத்தனை நாள் ஏறினாளோ," என்றாள் மனைவி. "அவன் இங்க ஒரு காலை இழந்துட்டு நிக்கறான். மனுஷங்களுக்குக்கூட இந்த மனசு வராதுங்க."

"சார்," என்று வாசலிலிருந்து ஒரு குரல் வந்தது.

பிளம்பர் நின்றுகொண்டிருந்தார். கையில் வாளி, அதன்மேல் ஈரச் சாக்கு.

"ஒரு நிமிஷம்," என்றார் நண்டு சார் நிமிராமல்.

பிளம்பர் ஒரு நிமிஷம் நின்றார். இயக்குநர் பதிவேட்டில் 'சேகரித்த இடம்' என்பதற்கு நேராக, ஓடையிலிருந்து இடம்பெயர்ந்து வந்தது என்று முத்து முத்தாக எழுத ஆரம்பித்தார். மைத்துனர் இந்தக் காதலுக்காகவாவது நண்டின் பெயரை மாற்ற வேண்டும் என்று வாதாடினார். பாலத்தடி என்ற பெயர்தான் இனி வரலாறு என்று நண்டு சார் அடித்துச் சொன்னார்.

"சார்," என்றார் பிளம்பர் மறுபடி. யாருக்கும் கேட்கவில்லை.

மனைவிக்குத்தான் அவர் நிற்பது கண்ணில் பட்டது. காலையிலிருந்து குனிந்து வேலை செய்கிற மனிதர். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். உள்ளே போய் ஒரு கிளாஸ் டீ கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தாள்.

"உட்காருங்க. அப்பலேருந்து ஏதோ சொல்ல வரீங்க, நாங்கதான் எங்க சந்தோஷத்துல கவனிக்கல. இப்ப சொல்லுங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிளம்பர் உட்கார்ந்தார். டீயை ஒரு வாய் குடித்தார். மேசைமேல் இருந்த நண்டைப் பார்த்தார். பன்னிரண்டாவது பக்கத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, வாளியின் மேலிருந்த ஈரச் சாக்கை விலக்கினார். உள்ளே கரகரவென்று சத்தம் கேட்டது.

"குழாய்ல பார்க்கறதை வெளியில சொல்ற வழக்கம் எனக்கில்லம்மா, ஆனா அது நடந்தெல்லாம் வரலைங்க, ரெண்டு மாசம் முன்னாடி இங்க அடைச்சிட்டிருந்த இதே மாதிரி ஒண்ணை, நீங்க உசிர் போகக் கூடாதுன்னு சொன்னீங்களேன்னு நான்தான் வீட்டுக்குப் போற வழியில அந்தப் பாலத்தடியில விட்டேன், இப்ப அந்த நொண்டியோட சேர்த்துப் பதினாலு இருக்கு, இதுங்களையும் அங்கேயே விட்டுடட்டுங்களா?"